அப்பா பிடித்துத் தைத்த பேகி

புதன்கிழமை சாயங்காலம் பீரோ கண்ணாடிக்கு முன்னால் மூன்று பேர் இருந்தோம்: நான், அம்மா, என் மனைவி சுதா. அப்பா இல்லை. இல்லாதபடி பார்த்துக்கொண்டோம் என்பதே சரி. அவர் பால் வாங்கக் கிளம்பிய பிறகுதான் கடைப் பையைப் பிரித்தேன்.

உள்ளே தொளதொளவென்று ஒரு கறுப்பு பேகி பேண்ட். கராடியில் எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை எல்லோரும் பள்ளிக்கால ஃபேஷனில் வரவேண்டுமாம். ஊரே காலோடு ஒட்டிய ஜீன்ஸ் போடுகிற நாளில், இதைத் தேடி விமான் நகரில் எத்தனை கடை ஏறி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். நான் நின்ற பிறகும் பேண்ட் கொஞ்சம் சுற்றியது. சுதா கட்டிலில் விழுந்து சிரித்தாள். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா கண்ல பட்டா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?"

தெரியும். புதுத் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. அப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது. ஆரணியிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து லோஹேகாவ் விமானப்படை நிலையத்தில் யூனிஃபாரங்களுக்கு இஸ்திரி போட்டவர். "எவனா இருந்தாலும் என் டேபிளைத் தாண்டித்தான் ஆபீசர் ஆவணும்" என்பார். பேண்ட் மடிப்பில் விரலை வைத்தால் கீறவேண்டும். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை; வீட்டில் முதலில் போனவன் நான்.

போனேனே தவிர, தமிழ்ப் பையன் என்பதால் அங்கே என் பெயர் இட்லி. தொண்ணூறுகளின் நடுவில், ஒன்பதாம் வகுப்பில், கேதரிங் என்று இங்கே சொல்லும் ஆண்டு விழாவுக்கு எட்டுப் பையன்கள் நடனம் போட்டோம். எல்லோருக்கும் கறுப்பு பேகி. எட்டுப் பேரும் ஒரே மாதிரி இருந்தால் அதில் எது இட்லி என்று யாருக்கும் தெரியாது என்பது என் கணக்கு. அதற்காகவே வீட்டில் ஒரு மாதம் நச்சரித்து, தெருமுனை டெய்லர் ஷிந்தே காகாவிடம் தைக்கக் கொடுத்தேன். ஒவ்வொரு காலிலும் ஒரு குடும்பம் குடியேறலாம், அப்படித் தைத்தார். ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

விழா அன்று காலை ஒத்திகைக்குப் போய்த் திரும்பினால் பேண்டைக் காணோம். அப்பாவையும் காணோம்.

எழுதப்படிக்கத் தெரியாதவன் பிள்ளை என்று டெய்லர் அளவில் ஏமாற்றிவிட்டார் என்று அப்பாவுக்குச் சந்தேகம். கடையில் நடந்ததைக் காகாவே பிறகு என்னிடம் சொன்னார். இதுதான் ஃபேஷன் என்று அவர் மராத்தியில் சத்தியம் செய்ய, "ஹம் பாகல் ஹை க்யா?", நாங்க இன்னா பைத்தியமா, என்று அப்பா தன் ஆரணி இந்தியில் கேட்க, கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு காகா கத்தரியை எடுத்தாராம்.

அப்பா வெற்றியோடு வந்தார். பேண்ட் இரண்டு பென்சிலாகியிருந்தது. மடிப்பு கத்தி மாதிரி. வெட்டிய துண்டுகளையும் விடாமல் வாங்கி வந்திருந்தார். அம்மா அதில் சூடான பாத்திரம் பிடிக்கத் துணி தைத்தாள். நெடுநாள் உழைத்தது.

"இப்பப் பாரு, எப்டி கீது" என்றார். நான் அழுததை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

மேடையில் ஏழு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பென்சில். நடனம் சொல்லிக்கொடுத்த சார் தலையில் கை வைத்தார். பிறகு எங்கிருந்தோ ஒரு விசிலும் தொப்பியும் கொண்டுவந்து என்னைப் போலீஸ்காரனாக்கினார். ஏழு பேரும் ஆட, நான் துரத்தினேன். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அன்றோடு இட்லி போய் இன்ஸ்பெக்டர் ஆனேன். அப்பாவோ பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்: "எட்டு பேருல ஒருத்தனுக்குத்தான் டெய்லர் ஒழுங்கா தைச்சிக்கீறான்."

இந்தத் தடவை பேண்டைப் பீரோவுக்கு மேலே, பழைய போர்வைக்கு அடியில் ஒளித்தேன். வியாழன் வேலை முடிந்து வந்தால், அப்பா நாற்காலியில், பேண்ட் மடியில். வெட்டுப்படவில்லை. அவர் முகம்தான் விழுந்துகிடந்தது.

ஷிந்தே காகாவின் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரீசார்ஜ். அங்கிருந்து ஆட்டோ பிடித்து, பேண்ட் வந்த கடைப் பையை ஓட்டுநரிடம் காட்டி விமான் நகர் போயிருக்கிறார். நான் வாங்கிய கடைப் பையன், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள் அங்கிள் என்று சிரித்தானாம். கராடி வரை போய்ப் பார்த்திருக்கிறார். எங்கும் தைக்கிற ஆளே இல்லை.

"சண்ட போடக்கூட ஒரு டெய்லர் இல்லடா இந்த ஊர்ல" என்றார்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "இஸ்திரியாவது போட்டுக் குடுப்பா" என்றேன். உடனே எழுந்தார். வெள்ளிக்கிழமை, கத்தி மடிப்பு வைத்த இரண்டு கூடாரங்களோடு அலுவலகம் போனேன்.

காகா அன்று பிடித்துத் தைக்க வாங்கியது பதினைந்து ரூபாய். இந்த முறை ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஆட்டோவுக்கு மட்டும் நூற்று அறுபது.