டிரம்மின் அடியில் ஒரு முடிச்சு

அந்தத் தெருவில் அவளுக்குச் சிவப்பு அட்டைக்காரி என்றுதான் பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். குப்பையைப் பிரித்து வாங்கும் திட்டத்துக்கு அந்தத் தெருப் பொறுப்பாளர் அவள். டிரம்களைக் கைக்கு எட்டும்வரை கிளறிப் பார்ப்பதும் அவள் வேலைதான். ஈரக்குப்பை பச்சை டிரம்மில், உலர்ந்த குப்பை நீல டிரம்மில். இவ்வளவுதான் பாடம். இதைச் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

வாயில் நுழையாத மாத்திரைப் பெயரையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவர்கள், பச்சைக்கும் நீலத்துக்கும் வந்தால் மட்டும் திருதிருவென்று விழிப்பார்கள். மாடிவீட்டு வக்கீல் ஒரு நாள் உடைந்த பிளாஸ்டிக் பொம்மையைப் பச்சை டிரம்மில் போட்டார். ஏன் சார் என்று கேட்டதற்கு, "பொம்மை பச்சைக் கலர்தானேம்மா" என்றார். இந்த மனிதர் கோர்ட்டில் எப்படி வாதாடுகிறார் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் குடியிருக்கும் கட்டடத்தின் பச்சை டிரம்தான் அவள் உயிரை வாங்கியது. எட்டு வீட்டுக்கும் பொதுவான அந்த டிரம்மை உரக்கிடங்கில் கவிழ்த்தால், அடியில் இறுகக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை. இரண்டு முறை அதற்காகவே லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறையும் வந்தால் தெருவிலிருந்தே டிரம்மை எடுத்துவிடுவார்கள். குப்பை மொத்தமும் பழையபடி குப்பைமேட்டுக்குப் போகும், அதோடு சேர்ந்து அவளும் போவாள். நான்கு வருஷம் அந்த மேட்டுப் புகையில் வேலை பார்த்தவள் அவள். அங்கே வாங்கிக்கொண்டு வந்த இருமல் இன்னும் முழுசாகப் போகவில்லை.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. எந்த வீட்டுப் பை என்று காட்டிவிட்டால் தெருவுக்குத் தண்டனை கிடையாது. அந்த வீட்டுக் கதவில் மட்டும் சிவப்பு அட்டை ஒட்டி, அந்த வீட்டுக்காரரை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உட்காரவைப்பார்கள். வகுப்பு எடுப்பதும் அவள்தான்.

நாலாம் நம்பர் டீச்சர்மேல் அவளுக்குச் சந்தேகம். சந்தேகம் என்ன, முடிவே கட்டிவிட்டாள். "எல்லாம் கடைசியில ஒரே லாரியிலதானே போகுது, எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்ட ஒரே ஆள் டீச்சர்தான். இரண்டாவது லோடு திரும்பி வந்த அன்றே போய் அவர் கதவில் அட்டையை ஒட்டிவிட்டாள்.

"ஆதாரம் எங்கம்மா?" என்று கேட்டார் டீச்சர்.

"தேடிக்கிட்டிருக்கேன் டீச்சர். முதல்ல அட்டை இருக்கட்டும்."

அதோடு விட்டாளா? கட்டடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்துக்கங்க" என்று வேறு சொன்னாள். பார்சல் ஆபீசில் முப்பது வருஷம் பொட்டலம் கட்டிவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவர் அவர். அவள் விடியலில் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். ஏழு மணிக்கு லாரி வந்து நிறைந்த டிரம்மை எடுத்துக்கொண்டு காலி டிரம்மை வைத்ததும், வீட்டுக் குப்பையை முதல் ஆளாகக் கொண்டுபோய்ப் போடுவது அவர் பொறுப்பு. மத்தியானம் அவள் வரும்போது வாளி கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கும். குப்பை வாளி என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்த வாரம் உரக்கிடங்கிலிருந்து மூன்றாவது முறையாக ஆள் வந்தது. போனாள். மேற்பார்வையாளர் ஒரு கறுப்புப் பையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதோட மூணு ஆச்சுக்கா. வீட்டைச் சொல்லுங்க, இல்லேன்னா டிரம்மை எடுக்கச் சொல்லி எழுதிடுவேன். உள்ள ஏதாவது அடையாளம் இருக்கான்னு பார்க்கலாம்னா முடிச்சே அவிழ மாட்டேங்குது."

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகல். அவள் வீட்டுப் பரணில் இருக்கும் மூட்டை அத்தனையும் இதே முடிச்சுதான். போன குளிருக்குக் கம்பளியை வெளியே எடுக்கக் கத்தரிக்கோல் தேடி ஓடியவள் அவள். அந்தப் பையை அறுத்தாள். வெங்காயத் தோல், டீத்தூள், முந்தாநாள் இரவு அவளே நறுக்கின பப்பாளியின் தோல்.

"நாலாம் நம்பர்தானே? ஏற்கெனவே அட்டை ஒட்டியிருக்கே. அதையே எழுதிடட்டுமா?" பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். டீச்சரும் என்ன பெரிய யோக்கியமா, பிரிக்காமல் எத்தனை நாள் போட்டாரோ என்று ஒரு நிமிஷம் அவள் மனம் கணக்குப் போட்டது. அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது.

"நாலு இல்ல சார். ஏழு."

எழுதினவர் நிமிர்ந்தார். "ஏழு உங்க வீடாச்சே?"

"ஆமா. எழுதுங்க."

டீச்சர் வீட்டு அட்டை லேசில் வரவில்லை. அவ்வளவு ஆத்திரமாகப் பசை தடவியிருந்தாள். டீச்சர் வாசலில் நின்று பார்க்கப் பார்க்க, நகத்தால் சுரண்டிக்கொண்டே, "தப்பு என்மேலதான் டீச்சர், மன்னிச்சிடுங்க" என்றாள்.

"சரி. பார்த்து எடுங்க, பெயிண்ட் உரியுது" என்றார் டீச்சர்.

மிச்சக் கோபத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு மாடி ஏறி, சொந்தக் கதவில் புது அட்டையை ஓங்கி ஒட்டினாள். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பை கூடாதுன்னு. ஊருக்கெல்லாம் தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?"

"டிரம்மைக் கிளறிப் பார்க்கிறது நீதானே" என்றார் அவர். "கையில அழுக்குப் படுமேன்னு கட்டிப் போட்டேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்காக ஒரு துரும்பைக்கூட நகர்த்தினதில்லை என்று இருபத்தாறு வருஷமாக அவரைக் கரித்துக்கொட்டியிருக்கிறாள். கடைசியில் நகர்த்தினார், அது அவளைக் குப்பைமேட்டுக்கே நகர்த்தப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏழாம் நம்பர் என்று அவள் கூப்பிட்டபோது எழுந்து நின்று கையைத் தூக்கினார். அவள் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, ஒரு பையில் கொஞ்சம் காய்கறித் தோலைப் போட்டாள்.

"நல்லாப் பாருங்க. இந்த மாதிரி பையில போட்டு, இப்படிக் கட்டி மட்டும் போடவே கூடாது" என்று சொல்லி, பையின் வாயை முறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

அவர் பெஞ்சைவிட்டு எழுந்து அவளிடம் வந்தார்.

"அப்படியில்ல, அவிழ்ந்துடும்" என்று கையை நீட்டினார். "இங்க கொடு."