பழைய லயத்தில் எரிந்த பச்சை விளக்கு

அண்ணனின் படத்துக்கு மாலை போட்ட அன்று எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. சாவு வீடு என்றால் வாசலில் கூடாரம் போடுவார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கும், மைக்கில் தேவாரம் ஓடும் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக் கங்காணித் தாத்தாவுக்கு அதெல்லாம் நடந்தது. அண்ணனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. ஒருநாள் காலையில் அப்பா ஆற்றில் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். அம்மாவையும் என்னையும் குளிக்கச் சொன்னார். இறந்துபோன பெரியப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து அண்ணன் படத்தை மாட்டினார். "இனிமே இந்த வீட்ல அவன் பேச்ச எடுக்கக்கூடாது" என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அவன் எப்படிச் செத்தான் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. பேச்சையே எடுக்கக்கூடாது என்ற பிறகு எதைக் கேட்பது?

பாடாங் மேஹாவிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவே எங்கள் தோட்டம். அப்பா குலை வெட்டுகிறவர். அண்ணன் கூலிமில் ஒரு பேக்டரியில் வேலை செய்தான். அவனுக்கும் எனக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். நான் பிறப்பதற்கு முன்பே சுங்கைப் பட்டாணியில் ஒரு பழைய சாமான் கடையில் அவன் கையடக்கமான கேம்பெட்டி ஒன்றை வாங்கியிருந்தான். காட்டில் திரியும் விநோதப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கி, மற்றவர்களின் பிராணிகளோடு மோதவிடும் ஆட்டம் அதில் இருந்தது. ஆட்டத்தின் கேசட்டுக்குள் இருந்த பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால், பெட்டியை அணைத்தால் அதுவரை ஆடியதெல்லாம் போய்விடும். ஆகவே நாங்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான் தொடங்குவோம். அந்த ஆட்டத்தின் முதல் ஊர் எனக்குத் தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்தைவிட நன்றாகத் தெரியும். எந்த வீட்டுக்காரி என்ன சொல்வாள், எந்தப் புல்லுக்குள் எது ஒளிந்திருக்கும், எல்லாம் மனப்பாடம். ஊருக்கு மேற்கே ஒரு குகை இருந்தது. அதன் வாசல்வரை போவதற்குள் அண்ணனுக்கு வேலைக்குப் போகும் நேரம் வந்துவிடும்.

"உள்ள என்னாண்ணே இருக்கு?" என்று கேட்பேன்.

"யாருக்குத் தெரியும் வண்டு. இதே ஆட்டத்த இப்ப புது பெட்டிக்குத் திருப்பி செய்றாங்களாம் லா. வந்தோன வாங்குறேன். ரெண்டு பேரும் உள்ள போயிப் பாத்துருவோம்."

அவன் தோளருகில் ஓயாமல் தொணதொணப்பதால் எனக்கு அந்தப் பெயர். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மாலை போட்டுச் சில மாதங்கள் கழித்துச் சின்னம்மா வந்தார். அம்மாவின் தங்கை, அவரும் கூலிமில்தான் வேலை. பையிலிருந்து ஒரு புதுக் கேம்பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். "பேக்டரில லக்கி ட்ரா. எனக்கு எதுக்கு இது? நீ வெச்சுக்க" என்றார். கேசட்டும் உள்ளேயே இருந்தது. அப்பா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாதாரணமாகச் சின்னம்மா ஒரு மீன் வாங்கி வந்தால்கூட எங்கே, என்ன விலை என்று குடைகிறவள் அவள்.

பெட்டியைத் திறந்தேன். அதே ஆட்டம்தான். அதே ஊர், அதே வீடுகள், அதே வேலி. ஆனால் பழைய பெட்டியில் இரண்டு புள்ளிகளாக இருந்த கண்கள் இப்போது நிஜக் கண்களாக இருந்தன. ஊர்க்காரர்களுக்கு நிழல் இருந்தது. நான் நடந்தால் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். பழைய வசனத்தையே சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகும் பார்வையை எடுக்கவில்லை. செத்துப்போன ஓர் ஊரை யாரோ அப்படியே திரும்ப எழுப்பி நிறுத்தியதுபோல் இருந்தது. மேற்கே குகையும் இருந்தது. நான் போகவில்லை. அண்ணன் பார்க்க ஆசைப்பட்ட இடம் அது. செத்த பிறகு அவன் அங்கேதான் போயிருப்பான் என்று எப்படியோ மனத்தில் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் அம்மாவும் நானும் மாரியம்மன் கோயிலுக்குப் போவோம். கோயிலுக்குப் பழைய லயத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். எல்லாரும் கல்வீடுகளுக்கு மாறிய பிறகு அந்தப் பலகை வீடுகளில் ஆள் இல்லை. கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜன்னல்களுக்குள் கொடி ஏறியிருந்தது. சுற்றிலும் செம்பனை அடர்ந்து, வெயில் உள்ள நேரத்திலும் அங்கே இருட்டாகத்தான் இருக்கும்.

அன்று புறப்படும்போது அம்மா, "அந்தப் பொட்டிய எடுத்துக்கிட்டியா?" என்றாள். கோயிலுக்கு எதற்கு என்று புரியாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன். பழைய லயத்தின் தண்ணீர்க் குழாய் அருகே அம்மா நின்றாள். செருப்பில் கல் என்றாள். கல்லை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. கடைசி வீட்டின் பின்பக்கத்திலிருந்து டிக், டிக் என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. உள்ளிருந்து யாரோ விரல் நகத்தால் இரும்பைத் தட்டுவதுபோல. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

கோயிலில் பையைத் திறந்தபோது பெட்டியின் மூலையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெட்டியில் ஓர் ஏற்பாடு உண்டு. மூடி வைத்தாலும் அது உள்ளே விழித்திருக்கும். அதே மாதிரிப் பெட்டியோடு இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் இரண்டும் தமக்குள் பேசிக்கொள்ளும். அவருடைய ஆள் நம் ஆட்டத்துக்குள் விருந்தாளியாக வருவான், நம் ஆள் அங்கே போவான். யாராவது வந்திருந்தால் பச்சை விளக்கு எரியும். எங்கள் தோட்டத்தில் என்னைத் தவிர வேறு யாரிடமும் அந்தப் பெட்டி இல்லை. விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து திறந்தேன். ஆட்டத்தில் என் வீட்டு வாசலில் தொப்பி போட்ட ஒருவன் கதவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். தலைக்கு மேலே ஆங்கிலத்தில் பெயர். ஏ, என், என், இ. எங்கள் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் 'ஆன்' என்று ஒரு வெள்ளைக்காரச் சிறுமி இருந்தாள். அவள் பெயரை அப்படித்தான் எழுதியிருந்தார்கள். சிறுமி எதற்கு ஆண்பிள்ளை உருவத்தில் வந்திருக்கிறாள் என்று யோசித்தேன். அவன் காலடியில் கறுப்பாக ஒரு பூச்சி நின்றது. அதன்மேல் பொத்தானை அழுத்தினால் அதற்கு வைத்த பெயர் தெரியும். அழுத்தினேன். அதுவும் ஆங்கில எழுத்தில், 'வண்டு' என்று வந்தது.

திரும்பவும் முதல் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த முறை தமிழில் படித்தேன். அண்ணே.

பெட்டியை மூடித் துணிகளுக்கு அடியில் செருகினேன். அம்மா அறை வாசலில் வந்து நின்றாள்.

"லைட்டு எரிஞ்சிச்சா?"

விளக்கு விஷயம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. தலையாட்டினேன்.

"எப்படி இருக்கு?" என்றாள் மெல்ல. "மெலிஞ்சிருக்கா?"

அந்த ஆட்டத்தில் எல்லா ஆளும் ஒரே பருமன்தான். அதைச் சொன்னேன். அம்மா ஏமாந்த மாதிரி போய்விட்டாள்.

அதன் பிறகு வெள்ளி தவறாமல் வந்தான். மற்ற நாட்களில் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அதே வழியாகப் போவேன், விளக்கு எரியாது. வெள்ளிக்கிழமைதான் ஆவிகளுக்கு உகந்த நாள் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். விருந்தாளிகள் சின்னதாக ஒரு வாசகம் எழுதிக்கொண்டு வரலாம்; பதினாறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. முதலில் அவன் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒரு வெள்ளியன்று, ஆங்கில எழுத்தில் தமிழாக, 'குகை போனியா' என்று இருந்தது. அவன் என்னைக் கூப்பிடுகிறான் என்று புரிந்துகொண்டேன். அன்றைக்கே எனக்குக் காய்ச்சல் கண்டது.

மறுநாள் வேலை முடிந்து வந்த அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "எதப் பாத்துப் பயந்த பாப்பா? சொல்லு" என்றார்.

அவன் பேச்சை எடுக்கக்கூடாது என்பது ஞாபகம் இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "அண்ணன் வருதுப்பா. பொட்டிக்குள்ள. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம, பழைய லயத்துக்கிட்ட" என்றேன்.

கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா என்னிடம் கையை நீட்டினார். பெட்டியைக் கொடுத்தேன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வேணாங்க" என்றாள் அம்மா.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க."

குலை விழுந்து அடிபட்டதிலிருந்து அவருக்கு இடது கால் சற்று இழுக்கும். இழுத்து இழுத்துச் செம்மண் பாதையில் போனார். செம்பனை நிழல் அவரை முதலில் இடுப்புவரை மறைத்தது, பிறகு முழுக்க மறைத்தது. அப்பாவையும் அது கூட்டிக்கொண்டு போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, வாயில் சேலைத் தலைப்பை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அதன் பிறகும் வெகுநேரம் அவர் வரவில்லை.

வந்தபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை. பெட்டியை என்னிடம் நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. "என்னா எழுதியிருக்குன்னு படி" என்றார்.

அண்ணன் வாசலில் நின்றிருந்தான். எழுத்துக் கூட்டினேன். "அப்பா கால் எப்படி."

அப்பாவுக்கு அடிபட்டது மாலை போட்ட பிறகு. செத்தவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று பெட்டியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அப்பா குனிந்து தம் காலைப் பார்த்தார். ஏதோ இப்போதுதான் அது இருப்பதைக் கவனித்தவர்போல நெடுநேரம் பார்த்தார்.

"இதுல நாம எழுதுனா அங்க போயிச் சேருமா?"

"சேரும்பா. அடுத்த தடவ பக்கத்துல வந்தா."

"மழ பேஞ்சா மோட்டார எடுத்துக்கிட்டு வர வேணாம்னு எழுது. இந்த மண்ணு வழுக்கும்."

இடம் போதாது என்றேன். சுருக்கச் சொன்னார். 'மழைனா வராதே' என்று எழுதினேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே எதுவும் சமைக்கிற சத்தம் கேட்கவில்லை.

அண்ணன் சாகவில்லை. கூலிமில் தன்னோடு வேலை செய்த ஒரு மலாய்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அவள் மதத்துக்கு மாறியிருந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நேரே தோட்டத்துக்கு வந்து, கடைசி வீட்டின் பின்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நிற்பான். நான் கேட்ட சத்தம், அதன் இன்ஜின் சூடு ஆறுகிற சத்தம். பெட்டி அவன் வாங்கிக் கொடுத்தது. சின்னம்மாவும் அம்மாவும் கூட்டு. வீட்டுக்குள் வராமல், யாரோடும் பேசாமல் வந்துபோக அவனுக்கு அது ஒரு வழி. அன்று அப்பா அவனை நேரில் பார்த்தாரா, பார்க்காமலே பெட்டியோடு நின்றுவிட்டுத் திரும்பினாரா என்பதை இருவரும் இன்றுவரை சொன்னதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது இரண்டு வருஷம் கழித்து, அண்ணனும் அண்ணியும் கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றபோதுதான். அப்பா அப்போது உள்ளே வரச் சொன்னார்.

நான் எழுதிய வாசகம் அடுத்த வெள்ளியே போய்ச் சேர்ந்தது. அன்று நல்ல வெயில். விளக்கு எரிந்தது. அதற்கடுத்த வெள்ளி மத்தியானத்திலிருந்தே மழை அடித்தது. அப்படியும் அம்மா என்னைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். பாதை குழம்பாகிக் கிடந்தது. குழாயடியில் நின்றோம். தகரக் கூரைகளில் மழை விழும் சத்தத்தைத் தவிர வேறில்லை.

"எரியலயா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாரு."

"எரியலம்மா."

அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கோயிலுக்குக்கூடப் போகாமல் என்னைத் திருப்பி நடத்திக்கொண்டு வந்தாள். அப்பா கதவடியில் காத்துக்கொண்டிருந்தார்.

"வரலீங்க" என்றாள் அம்மா. "சொன்ன பேச்சக் கேட்டுட்டான்."

"இப்பவாச்சும் கேட்டானே" என்றார் அப்பா.

நாம் எழுதிய வாசகத்துக்குப் பயந்து பேய் ஓடிவிட்டது, இனிமேல் வராது என்று எனக்கும் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது அப்பா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். அம்மா பரிமாறிவிட்டு ஜன்னலுக்குப் போய் மழையை எட்டிப் பார்த்தாள். அடுத்த வெள்ளியாவது வெயில் அடிக்க வேண்டும் என்று அவள் வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். விரட்டிவிட்ட பேயைத் திரும்ப எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.