ரோட்டைத் தாண்டாத டிக்கெட்

1998-ம் வருஷம், மழைக்காலம். காரைக்குடிக்குப் பக்கத்தில் மானகிரியில் இருக்கிறோம், விவசாயக் குடும்பம். நர்ஸ் படித்த என் தங்கைக்கு வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மதுரையில் பார்த்த வேலையை விட்டுவிட்டாள். கோயிலில் பூசை வைத்து, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடும் போட்டாயிற்று. விசாவில் ஒரு கடைசித் தேதி இருந்தது. அதற்குள் அந்த நாட்டில் போய் இறங்காவிட்டால் வேலை போய்விடும்.

கிளம்பச் சில நாள் இருக்கும்போது டிக்கெட் எடுத்துக்கொடுத்த ஏஜென்ட் ஆள் விட்டுக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து பம்பாய், அங்கே விமானம் மாறி வளைகுடா. முதல் விமானத்தின் நேரத்தைத் தள்ளிவிட்டார்களாம். அது பம்பாயில் இறங்குவதற்குள் இரண்டாவது விமானம் பறந்துபோயிருக்கும். அதனால் மறுநாள் விமானத்துக்கு மாற்றிவிட்டோம் என்று டிக்கெட் விற்ற விமானக் கம்பெனி சொல்லியிருக்கிறது. அந்த மறுநாள்தான் விசாவின் கடைசி நாள்.

"போய்ச் சேர்ந்தாச் சரி" என்றேன்.

"அதுலதான்ணே சிக்கல். டிக்கெட் வித்தவுக ஒருத்தவுக, அந்த ரெண்டாவது விமானத்தை ஓட்டுறவுக வேற ஒருத்தவுக. ஓட்டுறவுககிட்ட கேட்டா, தங்கச்சி பேரே இல்லேங்குறாக."

"பெறகு எதுக்கு அவுக விமானத்துக்கு இவுக டிக்கெட் விக்கிறாக?"

"ரெண்டு பேரும் கூட்டுண்ணே."

நல்ல கூட்டு! எஸ்.டி.டி. பூத்தில் நின்று நானே இரண்டு பக்கமும் பேசினேன். விற்றவன், "எங்க கம்ப்யூட்டர்ல பேர் இருக்கு சார், அங்க கேளுங்க" என்பான். ஓட்டுகிறவன், "எங்ககிட்ட இல்ல சார், டிக்கெட் கொடுத்த இடத்துல கேளுங்க" என்பான். தங்கை சாப்பாட்டைத் தொடவில்லை. பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். அவளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன்.

அங்கே போனால், இரண்டு ஆபீசும் ஒரே ரோட்டில் எதிரெதிராக இருக்கின்றன. இங்கிருந்து பார்த்தால் அங்கே உட்கார்ந்திருக்கிறவனின் தலை தெரிகிறது. இவன் அங்கே போ என்றான், அவன் இங்கே போ என்றான். கொட்டுகிற மழையில் நாங்கள் இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டித் தாண்டித் தொப்பலாக நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் விற்றவன் ஆபீசில் தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் ஊரில் கண்மாய்த் தண்ணீரில் தகராறு வந்தால் ஆள் விட்டுப் பேச மாட்டோம். இவன் சொன்னதை அவனிடம் போய்ச் சொன்னால் விடியாது. இரண்டு பேரையும் மடைக்குக் கூட்டிப்போய், தண்ணீரைப் பார்க்கவைத்துத்தான் பேசுவோம். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கவுண்டரில் இருந்த டை கட்டிய ஆளிடம், "எந்திரிங்க. ரெண்டு பேரும் எதிர்த்த ஆபீசுக்குப் போவோம்" என்றேன்.

"கவுண்டரை விட்டு நான் வரக் கூடாது சார்."

"நீங்க வராம நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, சத்தம் போடாதீக. எல்லாரும் பாக்குறாக, மானம் போகுது."

"மானம் போனாப் போகட்டும். விசா போனா என்ன செய்வே?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரிய மனுஷர், "போய்ட்டு வந்துடுங்க சார். இவர் வழி விடறதாத் தெரியல, எங்க வேலையும் நடக்காது" என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேறு வழியில்லாமல் அந்த ஆள் குடையை எடுத்தார். அவர் கையைப் பிடித்தே ரோட்டைத் தாண்டினேன். வழியில் ஓடிவிட்டால்?

எதிர் ஆபீசில் அவர் பேரைச் சொன்னதும், அங்கிருந்தவர் எழுந்து கை கொடுத்தார். "அட, நீங்கதானா அது! போன்ல தினம் பேசறோம், பார்த்ததே இல்லையே!" இருவரும் சிரித்துக்கொண்டார்கள். என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அப்புறம் கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். தங்கையின் பெயரை மறுநாள் விமானத்துக்கு மாற்றச் சொல்லி விற்ற ஆபீசிலிருந்து போன தகவல் இங்கே வந்துதான் இருந்தது. யாரும் எடுத்துப் பார்த்து 'சரி' சொல்லவில்லை, அவ்வளவுதான். எதிர் ஆபீஸ்காரர் 'சரி' கொடுத்தார். டை கட்டியவர் டிக்கெட்டில் புது நேரம் அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஒருத்தர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. "இனி ப்ராப்ளம் இல்ல மேடம், ஹாப்பி ஜர்னி" என்றார்கள்.

தங்கை போய்ச் சேர்ந்தாள், வேலையிலும் சேர்ந்தாள். வீட்டில் எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் என் கோபம் இன்னும் ஆறவில்லை. அன்று அந்த வரிசையில் என் தங்கையைப் போலக் கையில் டிக்கெட்டோடு, ஆனால் துணைக்கு யாரும் இல்லாமல் வந்து, அங்கே கேள் என்றதும் தலையை ஆட்டிவிட்டு வெளியே மழையில் இறங்கிப்போன பெண்களையும் பார்த்தேன். அவர்களுக்காக யார் சத்தம் போட்டிருப்பார்கள் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.