ஜன்னலோர இருக்கையில் ஒரு நெல் குத்து

போன புரட்டாசியில், தசராவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மைசூர் போனேன். அரண்மனை விளக்கு பார்க்க அல்ல. கர்நாடகத்து ஹனூரில் விவசாயம் செய்யும் என் தம்பி மாதேசனின் ஒன்றரை ஏக்கர் வயல் உப்புப் பூத்து, நட்ட நெல்லெல்லாம் கருகிவிட்டது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் அந்த மண்ணை வெட்டிக்கொள்கிறேன் என்று நச்சரித்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வெட்டினால் வயல் போனது போனதுதான். மைசூரில் உவர் நிலத்துக்கேற்ற நெல் ரகங்களை உருவாக்கும் பண்ணை ஒன்றில் மண்ணைச் சோதித்துச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, ஈரோட்டிலிருந்து போய் அவனைக் கிளப்பினேன். தானாகக் கிளம்புகிற ஆள் இல்லை அவன்.

வெள்ளிக்கிழமை காலை 6.10க்கு ஹனூரில் பஸ். கொள்ளேகால் 25 கிலோமீட்டர். அங்கே மாறி இன்னும் 65 கிலோமீட்டர். எனக்கு மொத்தம் 125 ரூபாய். கர்நாடகப் பெண்களுக்கு இலவசம்; ஈரோட்டுக்காரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தம்பி ஒரு கையில் சாக்கு மண்ணும், இன்னொரு கையில் வேர்மண்ணோடு வாழைமட்டையில் கட்டிய ஒரு நெல் குத்தும் வைத்திருந்தான். கருகிய வயலின் நடுவே அது ஒன்றுதான் பச்சையாக நின்றதாம். கொள்ளேகாலில் மாறிய பஸ்ஸில் கிடைத்த ஒரே ஜன்னலோர இருக்கையில் அதை உட்கார வைத்தான். எனக்கு வந்ததே கோபம்!

"ஏண்டா, அக்கா நிக்கறது கண்ணுக்குத் தெரியலயா?"

"நீ கம்பியப் புடிச்சுக்குவ அக்கா. அது எதையப் புடிக்கும்?"

பாதி வழியிலுள்ள நரசிபுரம் வரை நின்றுகொண்டே போனேன்.

8.55க்கு மைசூர். பண்ணைக்கு ஆட்டோ 110 ரூபாய். எங்களை வரவேற்ற ஆராய்ச்சியாளர் வசுதா மைசூரிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் வரிசை வரிசையாக நாற்றுகள் வாடிக்கொண்டிருந்தன. அதில் வாடாததைக் கண்டுபிடித்து, நல்ல மகசூல் தரும் ரகத்தோடு கலப்பதுதான் அவர் வேலை.

சாக்கு மண்ணைத் தண்ணீரில் கலக்கி, அரைமணி நேரம் வைத்து, உப்பு அளக்கும் மீட்டரை விட்டார். "அண்ணா, இதுல புல்லுகூட வராது" என்றார். தம்பி முகம் செத்துவிட்டது. அப்புறம்தான் அவர் சாக்கைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன சாக்கு அண்ணா?"

"பொட்டாஷ் சாக்குங்க. நல்லா ஒதறித்தானுங்க போட்டேன்."

"அய்யோ ராமா! பொட்டாஷே ஒரு உப்புதானே. நாம உரத்தை அளந்திருக்கோம், அஷ்டே, அவ்வளவுதான்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊருக்குப் போய் வேறு மண் கொண்டுவருவதற்குள் சனி, ஞாயிறு விடுமுறை வந்துவிடும். அப்போது வசுதாவின் கண் வாழைமட்டைக்குப் போனது.

"அந்த வேர்மண்ணைக் கொஞ்சம் கொடுங்க. அதுல உப்பு கம்மின்னா செடிக்கு அதிர்ஷ்டம். ஜாஸ்தின்னா செடிக்கே தில்லு இருக்கு."

மறுபடி அரைமணி நேரம். வந்த டீயைத் தம்பி தொடவே இல்லை.

"உப்பு ஜாஸ்திதான். ஆனா எங்க ரகம் தாங்கற அளவு. இதுல உங்க செடியே நின்னிருக்கே! நிலத்தை விட்டுடாதீங்க. இந்தச் செடியை எனக்குக் கொடுப்பீங்களா? விதை எடுத்துப் பாக்கணும்."

தம்பி வாழைமட்டையின் கட்டை மெதுவாக அவிழ்த்தான். பிறகு, "காலைல தண்ணி ஊத்தோணுங்க" என்று சொல்லிக் கொடுத்தான். வசுதா அதைத் தொட்டியில் நட்டு, ஹனூர் என்று எழுதிச் செருகினார். அடுத்த பட்டத்துக்குத் தங்கள் ரகத்தில் இரண்டு கிலோ விதை தந்தார்.

3.15 பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் எனக்குத்தான். தம்பி சூளைக்காரருக்குப் போன் போட்டான். "மண்ணு குடுக்கறதுக்கில்லீங்க." அவ்வளவுதான் பேசினான். அந்த ஒரு பேச்சுக்காக இன்னும் நூறு கிலோமீட்டர் நின்றுகொண்டே வந்திருப்பேன்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை போகாதீர்கள், ஏதாவது தவறினால் இரண்டு நாள் வீண். வயலில் ஐந்தாறு இடத்தில் மண் எடுத்துச் சுத்தமான துணிப்பையில் போடுங்கள்; உரச் சாக்கு வேண்டவே வேண்டாம். காய்ந்த வயலில் ஒரு குத்தாவது பச்சையாக நின்றால் அதையும் வேரோடு கொண்டுபோங்கள். பஸ்ஸில் அதற்கு உட்கார இடம் கொடுங்கள்.