எதைவிட மூன்று மடங்கு?

கம்ப்யூட்டர் வியாபாரத்தில் வைரஸுக்குக்கூட மருந்து உண்டு. கம்பெனிக்காரன் அச்சடித்து அனுப்புகிற நோட்டீஸுக்கு மருந்து கிடையாது. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, தாங்கள் எழுதாத வாக்கியத்துக்குத் தாங்களே பதில் சொல்லித் தொலைந்த சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். தேனி பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எழுபத்தொரு வயதிலும் சரக்கு விற்றுக்கொண்டிருப்பவன் நான். பொய் சொல்வதில்லை. உண்மை மெலிந்திருந்தால் அதற்குக் கொஞ்சம் சோறு போடுவேன், அவ்வளவுதான்.

டிபன் பாக்ஸ் வந்து இறங்கியது

போன சித்திரையில் புது டெஸ்க்டாப் ஒன்று வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ‘மூன்று மடங்கு வேகம்’ என்று போட்டிருந்தார்கள். மூன்று என்பது எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. முதல் நாளே பத்து மடங்காக்கிவிட்டேன். “சுவிட்சை அமுக்க விரலைக் கொண்டுபோறீகள்ல, நிழல் பட்டதுமே ஆன் ஆயிரும்” என்று சொன்னேன். கேட்டவர்களில் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முதலாளி ஜெயராஜுக்கு என் மகன் வயது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நான் பேச ஆரம்பித்தால் நெற்றியைத் தடவிக்கொள்வார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ‘தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது’ என்று நான் விற்ற கீபோர்டை ஒரு வாழைத் தோட்டக்காரர் முல்லையாற்றில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து முதலாளி மேஜையில் வைத்திருக்கிறார். அதனால் புதுப் பெட்டியின் அட்டையைப் பிரிக்கும்போதே சொல்லிவிட்டார்: “அண்ணாச்சி, உங்க வாயால இதுல ஒத்தப் பெட்டி திரும்பி வந்துச்சுன்னா, அன்னையோட நீங்க வீட்ல ரெஸ்ட் எடுத்துக்கங்க.”

லோயர் கேம்ப் வளைவு

ரெஸ்ட் என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. வீட்டில் என் கதை கேட்க ஆள் இல்லை. என் சம்சாரம் நாற்பத்தாறு வருஷத்தில் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டாள். ஆகவே, வருகிறவர்களிடம் வாயை அளந்து திறப்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு காலை பத்தரை வரை நின்றது.

பத்தரைக்கு வந்தவர் கூடலூர்க்காரர். மூன்று ஜீப் வைத்துக் குமுளிக்கு மேலே எஸ்டேட் வேலைக்கு ஆள் ஏற்றுகிறார். மகள் காலேஜ் படிப்புக்குப் பெட்டி வேண்டுமாம். என் பத்து மடங்குப் பிரசங்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வெறும் வண்டியா ஓட்டிக் காட்டுறது சரி பெரியவரே. பதினாலு பேரை ஏத்திக்கிட்டு லோயர் கேம்ப் மலை வளைவுல இழுக்குமா?” என்றார். கம்ப்யூட்டர் படித்த எவனும் என்னிடம் இவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை.

பெட்டிக்குள் இருந்த அத்தனையையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். நாலு சினிமா, மூன்று விளையாட்டு, இன்னும் என்னென்னவோ. பத்து நிமிஷம் பறந்தது. அப்புறம் கதாநாயகன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டான். கூடலூர்க்காரர் போனட்டைத் தொடுவதுபோல் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். “சூடெல்லாம் இல்ல, யோசிக்குது” என்றேன். வாங்காமல் எழுந்தவர், கோபமே இல்லாமல் சொன்னார்: “சாரமில்ல, விடுங்க பெரியவரே, எங்க வண்டியும் அந்த வளைவுல இப்படித்தான் யோசிக்கும். அதுக்கு ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துவேன், இதுக்கு எங்கன ஊத்த?”

பத்து வினாடிப் பொருத்தம்

மார்க்கையன்கோட்டை ஜோசியரின் பழைய பெட்டி செத்துப்போயிருந்தது. கம்ப்யூட்டர் ஜாதகம் போடுகிறவர். மாப்பிள்ளை, பெண் இருவரின் பிறந்த நேரத்தையும் தட்டினேன். அவர் கண்ணாடியை உறையிலிருந்து எடுப்பதற்குள் பத்துப் பொருத்தமும் திரையில் வந்துவிட்டன. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்; அவர் முகம் தொங்கிவிட்டது.

“இம்புட்டு வெரசாவா? பழைய பெட்டில தட்டிவிட்டா, பொண்ணு வீட்டுக்காரக காப்பி குடிச்சு, குலதெய்வத்தை வேண்டி, கண்ணு கலங்கி முடிக்கவும் சரியா வரும். கண்ணாடி மாட்டுறதுக்குள்ள பொருந்தலைன்னு சொன்னா எவன் நம்புவான்? இதை மெதுவா ஓடவைக்க வழி இருக்கா?” என்று கேட்டார்.

வேகத்தைக் குறைக்கச் சொன்ன ஒரே வாடிக்கையாளர் அவர்தான். குடோனில் யாரும் சீந்தாத பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று கிடந்தது. வரிக்கு வரி ‘கிர்ர்ர்’ என்று அழுது அழுது அடிக்கும். மாட்டிவிட்டேன். ஜோசியர் நாதஸ்வரம் கேட்பதுபோல் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டையும் கட்டச் சொல்லிவிட்டு, திருப்தியாகச் சொன்னார்: “பெட்டி ஓடுறது சாமிக்குத் தெரிஞ்சாப் போதும் அண்ணாச்சி. பிரிண்டர் ஓடுறதுதான் சனத்துக்குத் தெரியணும்.”

எறும்பு எழுத்து

கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் இப்ராஹிம் பாய்க்கு நான் விற்றது கொஞ்சம் கூடுதலாகச் சோறு போட்ட உண்மை. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, கடைசியில் முழுப் படமாக எடுப்பதற்கு அவர்கள் ‘ரெண்டர்’ என்பார்கள். மணிக்கணக்கில் ஆகும். “பிரியாணி தம் உடைக்கிறதுக்குள்ள உங்க ரெண்டர் முடிஞ்சிரும் பாய்” என்று சொல்லியிருந்தேன்.

ஐந்தாம் நாள் வாடகைக் காரில் வந்து இறங்கினார். ஒரு கையில் புதுப் பெட்டி, காருக்குள் அவருடைய ஆறு வருஷப் பழைய பெட்டி. சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து, மேலே ஒரு பூதக்கண்ணாடியை வைத்தார். ‘மூன்று மடங்கு’ பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் எறும்பு எழுத்தில், ‘பத்து வருடங்களுக்கு முந்தைய எங்கள் மாடலுடன் ஒப்பிடுகையில்’. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வருவது தெரிந்தது. பாய் கடைக்கே கேட்கும்படி கேட்டார்: “செத்துப்போனவன் கூட ஓடி ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயிப்பா அண்ணாச்சி?”

பந்தயம்

“ரெண்டையும் ஓடவிட்டுப் பாப்போமே” என்றேன். வேறு என்ன சொல்ல? உத்தமபாளையத்துக் கல்யாணம் ஒன்றை இரண்டு பெட்டியிலும் ஏற்றி, ஒரே நேரத்தில் ரெண்டரைத் தட்டினோம். பக்கத்து ரெடிமேட் கடைக்காரர்கள் அளவு நாடாவோடு வந்துவிட்டார்கள். புதுசு பாய்ந்தது. கால் மணியில் சூடேறித் தளர்ந்தது. பழசு மாவு மில் மாதிரி இரைந்துகொண்டே பின்னால் வந்தது. புதுசுதான் ஜெயித்தது. ஆனால் நான் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் பழசும் முடித்துவிட்டது. மூன்று மடங்காவது, பத்து மடங்காவது! ஒன்றரைகூடத் தேறவில்லை.

பாய் புதுப் பெட்டியை முதலாளி பக்கம் தள்ளினார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைத் தேடினேன்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல். கெங்குவார்பட்டி வாத்தியார், பிரிண்டருக்கு மை வாங்க வந்தவர், பந்தயம் முழுக்க நின்று பார்த்திருக்கிறார். “அந்தப் பழசு கிடைக்குமா? ஆறு வருஷக் கிழடு இம்புட்டு ஒட்டி ஓடியாருதே! கேள்வித்தாள் அடிக்க எனக்கு இது போதும்” என்றார்.

செருப்பை விட்டுவிட்டேன். பாய் மாட்டேன் என்றார்; வாத்தியார் விடவில்லை; நான் நடுவில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பெட்டியைப் பற்றி இருப்பதை மட்டும் சொன்னேன். இன்னும் இரண்டு டீயில் விலை படிந்தது. வாத்தியார் பழசைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனபிறகுதான் பாய்க்கு உறைத்தது. “யா அல்லாஹ்! பெட்டியத் திருப்பிக் குடுக்க வந்தவன் இருந்த பெட்டியையும் குடுத்துட்டு நிக்கிறேனே! எடுங்க அந்தப் புதுசை, நாளைக்கு ஒரு நிக்காஹ் இருக்கு.”

கார் கிளம்பியதும் முதலாளி நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்: “காலைல ஒம்பது மணிக்கு வந்துருங்க அண்ணாச்சி. ஆனா நோட்டீஸை நான் வாசிச்சுக்கிறேன், நீங்க தொடாதீக.”

மூன்று என்றது கம்பெனி, பத்து என்றேன் நான், ஒன்றரைக்கும் கீழே என்றது பெட்டி. எங்கள் மூவரில் வேலை போகவிருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், அந்தப் பத்தை மட்டும் பெரிய மனதோடு மன்னித்துவிடுங்கள்.