முனியாண்டியின் வலது கை

எங்கள் தோட்டம் மலேசியாவில், பீடோர் ஊருக்கு உள்ளே இருந்தது. பால்மரங்களை, அதாவது ரப்பரை, அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். இப்போது செம்பனையையும் அழித்து வீடு கட்டப் போகிறார்கள். முனியாண்டி கோயிலுக்குச் சாலையோரத்தில் வேறு நிலம் கொடுத்தார்கள். நான் கோயில் செயலாளர். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் சிலைக்குச் சாயம் பூசுவோம். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று என் டைரியில் இருக்கும். அந்தச் சிலையை என்னைவிட அறிந்தவர் இல்லை என்று நினைத்திருந்தேன்.

சிலையை எப்படித் தூக்குவது என்று பேசியபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. என் மனைவியின் தம்பியைக் கேட்டார்கள். ஈப்போவில் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கிறவன். விரல் கணுவால் சிலையின் முதுகைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டான்.

“உள்ள காலியா இருக்கு. செங்கல்லே இல்ல. நாலு பேரு போதும் லா.”

“நாங்க பத்துப் பேருக்குச் சொல்லி வச்சோம். தம்பி ஒரே தட்டுல சொல்லிட்டாரு,” என்றார் கோயில் தலைவர்.

‘முழுக்கச் செங்கல்’ என்றுதான் நான் எழுதி வைத்திருந்தேன்.

பிறகு அவன், அரிவாளை ஓங்கிய வலது கையைப் பிடித்தான். “இதுக்குள்ள கம்பி இருக்கும். தூக்குற பெல்ட்ட இங்கயும் போட்டுக்கலாம்.”

கம்பி இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் கிளை விழுந்து அந்தக் கை உடைந்தது. மறுநாள் திருவிழா. கைக்குக் கிடைத்த பால்மரக் கட்டையைச் செருகிச் சிமெண்ட் பூசினோம். பால்மரம் உளுத்துப்போகும் என்று தோட்டத்தில் பிறந்த எங்களுக்குத் தெரியாதா? சாயம் ஏறிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டோம். கூட வேலை செய்த இருவரும் இப்போது உயிரோடில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. பூசாரி சாமியை ஏற்கெனவே கலசத்துக்கு மாற்றிவிட்டார். அன்றைக்கு அது வெறும் சிமெண்டும் சாயமும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெல்ட் போட்டுத் தூக்கினார்கள். சிலை ஒரு சாண் எழும்பியது. கை தோளருகே முறிந்து, கீழே விழுந்து இரண்டு துண்டானது. உள்ளேயிருந்து மஞ்சள் தூள் கொட்டியது.

அவன் தூளை எடுத்து முகர்ந்தான். “பால்மரம். எவன் வச்சான் இத?”

பெண்கள் சகுனம் பேசத் தொடங்கினார்கள். தலைவர் அவனைப் பார்த்த பார்வை மாறியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் உள்ளபடியே எழுதுகிறேன்.

அந்த நிம்மதி ஒரு வாரம்தான். தாப்பா பக்கம் இன்னும் பாலுக்காக மரம் வெட்டும் ஒருவரிடம் அவன் ரப்பர் பால் வாங்கி வந்தான். உறையாமலிருக்க அமோனியா கலந்து, ஒட்டவைத்த கையின்மேல் பூசிக் காயவைத்தான், மறுபடி பூசினான். பத்துப் பூச்சுக்குப் பின் உரித்தபோது அது கையுறைபோல வந்தது. அதற்குள் கம்பி வைத்துச் சிமெண்ட் ஊற்றினான். வெளிவந்த கையில் நகங்கள் இருந்தன. என்றோ ஒருநாள் தூரிகையிலிருந்து உதிர்ந்த மயிர் மணிக்கட்டில் விட்ட கோடுகூட இருந்தது. அத்தனை ஆண்டுகள் அந்தக் கைக்குச் சாயம் பூசியவன் நான். அந்தக் கோட்டை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

“கைக்கு என்ன கலருன்னு அத்தான் புக்குல இருக்கும்,” என்றான்.

தனித்தாளில் எழுதித் தருகிறேன் என்றேன்.

“எதுக்கு உங்களுக்குச் சிரமம்? குடுங்க, போட்டோ எடுத்துக்கறேன்.”

நிறங்கள் இருந்த அதே பக்கத்தில்தான் கட்டையைப் பற்றியும் எழுதியிருந்தேன், அச்சடித்தாற்போன்ற என் கையெழுத்தில். அவன் படித்தான். திரும்பவும் படித்தான். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். தலைவர் நான்கடி தள்ளி நின்றார்.

“நீலமா? சரி,” என்று புத்தகத்தை மூடித் தந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “அடுத்த வாட்டி ஒரு வார்த்த சொல்லிருங்க அத்தான்,” என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காட்டிக்கொடுக்காத அந்த மனசும் அவனிடம்தான் இருக்க வேண்டுமா?

வீட்டுக்கு வந்து எழுதினேன்: ‘வலது கை. சிமெண்ட். உள்ளே கம்பி. நிறம் நீலம்.’ யார் செய்தது என்பதற்கு ஒரு வரி விட்டிருந்தேன். மூன்று நாள் கழித்துத்தான் அதில் அவன் பெயரை எழுதினேன்.