ஜெனரேட்டரும் தங்கையின் கைக்குட்டையும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரும்பு கடைவதற்கும் இன்ஜின் பார்ப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நகத்தில் கிரீஸ் இருந்தால் சொந்தக்காரர்கள் மெக்கானிக் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நானும் மறுத்ததில்லை. தங்கை கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

கோவில்பதாகை பக்கம் சின்ன சர்ச். பத்து மணிக்குக் கல்யாணம். ஒன்பதே முக்காலுக்குக் கரண்ட் போனது; மின்சார ஆர்கனும் நின்றது. அப்பா இல்லாததால் தங்கையைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டியவனும் நான்தான். அவளோ வாசலில் நின்ற காரின் கண்ணாடியை இறக்கி, "ஆர்கன் வாசிச்சாத்தான் இறங்குவேன்" என்று சொல்லிவிட்டாள். இந்த ஒரு நடைக்காக மாசக்கணக்காகக் கனவு கண்டவள்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் கயிற்றை இழுத்தேன். இருபது இழுப்பு. இன்ஜின் இருமக்கூட இல்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், ஆயில் பார்த்தேன், சோக்கை இழுத்துத் தள்ளினேன். ஒன்றும் புரியாதவர்கள் செய்கிற மாதிரி ஸ்பேனரால் இரண்டு தட்டும் தட்டினேன். கடைசியில், வாடகைக்கு விட்டவன் ஓட்டை மெஷினைக் கொடுத்துவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

உறவினர்களை இறக்கிவிட வந்த ஆட்டோக்காரர் பிளக்கை வாங்கி மோந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, மண்ணெண்ண வாசன அடிக்குது. கடசியா நிறுத்தும்போது எதுல ஓடிகினு இருந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஜெனரேட்டர் பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தேங்கிவிடும், மறுநாள் ஆறிப்போன இன்ஜின் கிளம்பாது. வாடகைக்கு விட்டவர் இதை இரண்டு தடவை சொல்லியிருந்தார். முதல் நாள் பாட்டுப் பயிற்சி முடிந்ததும், பெட்ரோல் எதற்கு வீண் என்று பட்டென்று அணைத்த புத்திசாலி நான்தான்.

கார்புரேட்டர் அடியில் இருந்த திருகைக் கழற்றினேன். தேங்கியிருந்தது பூராவும் கோட்டுக் கைக்குள் இறங்கியது. திருகையும் பிளக்கையும் மாட்டி, பெட்ரோலுக்குத் திருப்பி இழுத்தேன்; மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. உள்ளே ஆர்கன் கேட்டது. தங்கை இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்ன சென்ட்டுண்ணே இது?"

"ஃபாரின்."

பீடம் வரைக்கும் அவள் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை. ஆல்பம் பார்க்கிறவர்கள், அண்ணனைப் பிரிகிற துக்கத்தில் பொண்ணு எப்படி அழுகிறது பார் என்று உருகுவார்கள். நான் வாயே திறப்பதில்லை. அவள்தான் ஒவ்வொரு தடவையும் திறந்து, மண்ணெண்ணெய்க் கதையைச் சொல்லிவிடுகிறாள்.